வெள்ளிக்கிழமைப் பாதி

எங்கள் பள்ளிக்கூடத்தில் கதைப் புத்தகத்துக்கு நான்-டீடெயில் என்று பெயர். வாரத்தில் இரண்டு பீரியட் அதற்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்று, செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று. வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு கதையை ஆரம்பிப்பார். மணி அடித்ததும் எந்த வரியில் இருக்கிறாரோ அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். கதாநாயகி கிணற்றங்கரையில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாலும் சரி, மிச்சம் செவ்வாய்க்கிழமைதான். ஆம்பூரில் நான் ஐந்தாம் பாரம், இப்போதைய பத்தாம் வகுப்பு, படித்த வருஷம் அது. அணா போய் நயா பைசா வந்து, கடைக்காரர்களும் வாங்க வருகிறவர்களும் சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம்.

கதை முடிந்ததும் டீச்சர் ஒரு கேள்வி கொடுப்பார். 'இக்கதையை உன் வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுக.' மற்றப் பெண்கள் கன்னத்தில் கை வைத்து யோசிப்பார்கள். எனக்கு யோசனை வராது, எரிச்சல்தான் வரும். கதைகளில் வரும் அப்பாக்கள் எல்லாரும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். அம்மாக்கள் எதற்கெடுத்தாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏழைகள் ஒருவர் விடாமல் நல்லவர்கள். எங்கள் லைன் வீடுகளில் ஒரே குழாய்க்கு வரிசையில் நின்ற ஏழைகளில் யார் யார் நல்லவர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அவள் திட்டுவாள், அதோடு மனசு தெளிந்துவிடும். இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுப்பேன். டீச்சர் படித்துச் சிரித்துவிட்டு, கீழே 'கையெழுத்து நன்று' என்று மட்டும் போடுவார்.

முதலில் அப்பா என்கிற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. நைனாதான். நைனா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, முடி கழன்றதும் எடுத்துக் கழுவிப் போடுகிற வேலை. காலையில் சங்கு ஊதும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர் திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்போம். குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

முதலாளிகள் முஸ்லிம்கள் என்பதால் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சனியும் ஞாயிறும். அவர் வீட்டில் இருக்கும் நாளில் நான் இருக்க மாட்டேன், நான் இருக்கும் நாளில் அவர் இருக்க மாட்டார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நானும் நைனாவும் நின்று நாலு வார்த்தை பேசியது குறைவு. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்ததுதான்.

லீவு நாளில் நைனா எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். ஊரில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு உரியது. சனிக்கிழமை வேலைக்குப் போகவேண்டிய டேனரி ஆட்களில் பல பேர் எண்ணெய்க் குளியலையே விட்டுவிட்டார்கள். நைனா விடவில்லை. லைனில் இருந்த பெண்கள் தலையில் எண்ணெயோடு குழாயடியில் நிற்கும்போது அவரும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் எண்ணெய் வழிய வந்து நிற்பார். "இன்னாண்ணே, சீயக்கா மட்டும் போதுமா, மஞ்சளும் வோணுமா?" என்று கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். நைனாவும் சிரித்துக்கொண்டே சீயக்காய்க்குக் கை நீட்டுவார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் பகலில் தூங்கக் கூடாது, தூங்கினால் காய்ச்சல் வரும் என்பது அம்மாவின் கட்சி. வாரம் முழுக்கக் குழியில் நின்ற மனுஷனுக்கு, தலையில் வெந்நீர் பட்டு, மிளகு ரசமும் சோறும் உள்ளே போன பிறகு கண் சொருகாமல் என்ன செய்யும்? அம்மா விடமாட்டாள். "இந்தாய்யா, தூங்காத. எழுந்து போய் பொண்ணைக் கூட்டிகினு வா" என்று சட்டையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடம் விட நேரம் நிறைய இருக்கும். நைனா வந்து பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிற்பார். பெண்கள் படிக்கிற இடத்தில் ஓர் ஆண் நிற்கிறாரே என்று முதலில் பியூன் விரட்டினார். அடுத்த வாரமே இரண்டு பேரும் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துத் தோஸ்த் ஆகிவிட்டார்கள். எங்கள் வகுப்பு மதில் ஓரத்தில் இருந்தது. டீச்சர் குரல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத என் நைனா நான்-டீடெயில் கேட்க ஆரம்பித்தது அப்படித்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது முதல் சில வாரம் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம். சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. "அந்த ஆளு சங்கிலியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுகினான் பாரு," என்றார் திடீரென்று. "எடுப்பான்னு நான் அப்பவே நெனச்சேன்."

அன்று டீச்சர் வாசித்த கதை அது. ரயிலில் யாரோ விட்டுவிட்டுப் போன தங்கச் சங்கிலியை ஓர் ஏழைக் குமாஸ்தா எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறான். அங்கே மணி அடித்துவிட்டது.

"கதை இன்னும் முடியல நைனா," என்றேன்.

"இன்னா முடியல? அதான் போட்டுகினானே."

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வேறு கதையை ஆரம்பித்தார். நைனாவைப் பொறுத்தவரை குமாஸ்தா கதை பாக்கெட்டோடு சரி. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இருப்பது அவருக்குத் தெரியாது, அன்றைக்கு அவர் குழியில் நிற்பார். நான் மிச்சத்தைச் சொன்னேன். குமாஸ்தாவுக்குத் தூக்கம் வரவில்லை, விடிந்ததும் ஓடிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சங்கிலியைக் கொடுத்துவிடுகிறான். நைனா நம்பவில்லை. "அது உங்க டீச்சர் சேத்துகினது. பசங்க கெட்டுப்போய்டக் கூடாதுன்னு." புத்தகத்திலேயே அச்சில் இருக்கிறது என்று சத்தியம் செய்தேன். "அப்ப அச்சடிச்சவன் சேத்துட்டிருப்பான்," என்றார். தன் காதால் கேட்டதுதான் கதை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

போகப் போக அவருடைய பாதிக் கதைகள் எனக்கே பிடிக்க ஆரம்பித்தன. ஒரு கதையில் ஒரு தாய், சண்டைக்குப் போன மகனுக்காகத் தினமும் ஓர் இலை போட்டுச் சோறு பரிமாறி வைக்கிறாள். வெள்ளிக்கிழமை அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மகன் மெடலோடு வந்து இலையில் உட்கார்ந்துவிட்டான், எல்லாரும் கைதட்டினோம். நைனாவின் கதையில் அவன் வரவே இல்லை. எங்கள் லைனில் ஓர் அம்மாளின் மகன் மலேயாவுக்குப் போனவன் போனவன்தான். கதை கேட்ட வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆனால் நைனா அந்த அம்மாளின் குடத்தை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. டீச்சர் கேட்ட கேள்விக்கு எங்கள் வகுப்பில் யாரும் இவ்வளவு ஒழுங்காகப் பதில் எழுதவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நைனாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. திருப்பத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏலகிரி மலை தெரிகிற ஒரு கிராமம். நிலம் கொஞ்சம், கிணறு ஆழம். மழை பொய்த்துப் போன காலத்தில் அந்த நிலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிழைக்க வழியில்லாமல், கல்யாணத்துக்கு முன்பே நைனா ஆம்பூருக்கு வந்து டேனரியில் சேர்ந்தார். பயிர் வைக்கிறவர்கள் வீட்டில் தோல் வேலை என்றால் தீட்டு. பெரியப்பா ஊரார் முன்னால் சொல்லிவிட்டாராம்: "தோலைத் தொட்ட கையோட நீ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது." நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. நைனா பிறந்து வளர்ந்த வீடு அது. அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. அம்மா புகுந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவள் யாரையும் திட்ட மாட்டாள்.

நைனா அண்ணன் பேச்சை எடுக்கவே மாட்டார். ஆனால் திருப்பத்தூர் சந்தைக்குப் போய் வருகிற யாரைப் பார்த்தாலும் அங்கே மழை உண்டா என்று கேட்பார். மழையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தசரா லீவு ஆரம்பம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை டீச்சர் ஆரம்பித்தது இரண்டு சகோதரர்களின் கதை. வரப்புத் தகராறில் பிரிந்தவர்கள். பல வருஷம் கழித்துத் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பழ மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் ஊருக்குக் கிளம்புகிறான். வண்டி கிடைக்காமல் நடக்கிறான். ஊர் எல்லைக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. ஊரே அடங்கிக் கிடக்க, தூரத்தில் அண்ணன் வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. டீச்சர் அந்த வரியை நிறுத்தி வாசித்தார். மணி அடித்தது.

நான் வெளியே போனபோது நைனா மதிலை விட்டு நகரவில்லை. கையைத் தொட்ட பிறகுதான் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "வெளக்கை அணைக்காம வெச்சிகினு இருக்கான்," என்றார். ரயில்வே கேட் தாண்டியதும் மறுபடியும் சொன்னார். "ஊரே தூங்குது. இவன் மட்டும் வெளக்கை வெச்சிகினு ஒக்காந்திருக்கான். வருவான்னு பாத்துகினு இருக்கான்." வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "அடுத்த வெள்ளிக்கெழம ஊருக்குப் போய்ட்டு வரலாம்னு பாக்கறேன்," என்றார்.

எந்த ஊர் என்று அம்மா கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "பொண்ணுக்கும் லீவுதான். அதையும் கூட்டிகினு போ," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மிச்சக் கதையை டீச்சர் வாசித்தார். அண்ணன் வீட்டில் எரிந்தது, செத்துப்போன அண்ணனின் தலைமாட்டில் வைத்த விளக்கு. தம்பி ஒரு நாள் பிந்திவிட்டான். வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுதினவர் மேல் கோபம், வாசித்த டீச்சர் மேல் கோபம், எல்லாவற்றையும் விட எனக்குப் பயம். நான்-டீடெயில் படித்துப் படித்து ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியிருந்தது. கதைகளில் பிந்திப் போகிறவர்கள் யாரும் எதையும் பார்ப்பதில்லை. நைனா பிந்தியது ஒரு நாளா? என் வயசு அளவுக்கு அல்லவா பிந்தியிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "இதை எழுதனவன் வீட்டுக்கு ஒறவுன்னு ஒருத்தரும் வந்ததில்லபோல. நைனாகிட்ட மூச்சு உடாத," என்றாள். நான் விடவில்லை. விட்டிருந்தாலும், அச்சடிச்சவன் சேர்த்தது என்று சொல்லியிருப்பார்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா சாகவில்லை. படிக்கிறவர்களைக் கடைசி வரிவரை பதைக்க வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பெரியப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார், என் கல்யாணப் பந்தலில் சமையல்காரரோடு சண்டை போட்டார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் நான் பயந்தேன். நைனாவின் பயம் வேறு, அந்தப் படியைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் குழாயடியில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் வைத்துக் கையைத் தேய்த்தார். சுண்ணாம்பு தின்று வெடித்த கை அது, சிவந்துபோகும் வரை தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நாத்தம் வருதா பாரு." முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆம்பூரில் பிறந்து டேனரி ஓரத்தில் வளர்ந்த மூக்கு அந்த வேலைக்கு உதவாது. "ஒண்ணும் வரல," என்றேன். அவர் நம்பவில்லை, இன்னொரு தரம் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது. அதையும் பெரியப்பா மேல் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூருக்கு பஸ். அங்கிருந்து நடை. அம்மா கட்டிக் கொடுத்த வாழைப்பழமும் பூவும் என் கையில். ஊர் நெருங்க நெருங்க நைனாவின் நடை குறைந்தது. பயிர் வைத்த கொல்லையில் மாடு கட்டிக் கவலை ஓட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கண்டதும் நின்றுவிட்டார். பெரியப்பா. மெலிந்த உடம்பு, நைனாவின் அதே காது. மாடுகள் சரிவில் இறங்க இறங்க, கிணற்றிலிருந்து இரும்புச் சால் மேலே வந்து, அடியில் தொங்கிய தோல் குழாய் வழியாக வாய்க்காலில் தண்ணீர் கொட்டியது. அந்தக் குழாய் எதில் செய்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நைனா என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததால் பேசாமல் இருந்தேன்.

பெரியப்பா எங்களைப் பார்த்தார். மாட்டை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எப்ப வந்த?"

"இப்பதாண்ணா."

"பொண்ணா?"

"ஆமாண்ணா. ஒரே பொண்ணு. படிக்குது."

அவ்வளவுதான் பேச்சு. எங்களுக்கு முன்னால் நடந்தார். மண் சுவர் வீடு, ஓடு தாழ்வாக இறங்கியிருந்தது. வாசலில் ஒரே ஒரு கல் படி. நைனா அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் படி ஏறி உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வெயில் சுட்டது. கதவையாவது சாத்தித் தொலைத்தால் திரும்பிப் போகலாமே என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். வாசலில் இருந்த புங்க மரத்தடியில் போட்டார். "ஒக்காரு," என்றார். பின்னாலேயே பெரியம்மா வந்தாள். என் கன்னத்தைத் தடவி, "நீ உள்ள வா கண்ணு," என்றாள். நைனா ஏறாத படியில் நானும் ஏறுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

பெரியம்மா களியும் கீரைக் குழம்பும் வெளியே கொண்டுவந்தாள். பெரியப்பா தன் தட்டையும் எடுத்துவரச் சொல்லி, மண் தரையில் நைனாவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். ஊரு கேட்ட சொல்லு. ஆனா நான் வெளிய வந்து துன்னக் கூடாதுன்னு நான் சொல்லலியே." நைனா தலையைக் குனிந்து களியை உருட்டிக்கொண்டே இருந்தார். வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தது நிழலில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வெடித்தேன். "நாய்க்கு வெக்கிற மாதிரி வெளிய வெச்சி சோறு போட்றாங்க. உனக்கு ரோஷமே கெடயாதா நைனா?"

நைனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த களை இருந்தது. "எனக்கு வெளிய வெச்சான்," என்றார். "அவன் ஏன் வெளிய வந்து ஒக்காந்தான், அதைச் சொல்லு." வீடு வரும் வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்ததும் சகோதரர்கள் கதைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கவேண்டி இருந்தது. நான் நடந்ததை எழுதினேன். அண்ணன் உயிரோடு இருந்தார், தம்பிக்குக் களி போட்டார், ஆனால் வாசலில் வைத்துப் போட்டார், இது நல்ல முடிவா கெட்ட முடிவா என்று எனக்குத் தெரியவில்லை என்று முடித்திருந்தேன். டீச்சர் சிவப்பு மையில், 'கதையை முழுவதும் படித்துவிட்டு எழுதவும்' என்று போட்டிருந்தார். அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு கதை இல்லை என்பதுதான் என் கஷ்டமே. அதில் வந்தவர்கள் மன்னித்தார்கள், அல்லது மன்னிக்காமல் செத்தார்கள். சொன்ன சொல்லையும் விடாமல், தம்பியையும் விடாமல், கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்காருகிறவர்களை அங்கே யாரும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நைனா போய்வந்தார். அம்மாவும் ஒரு முறை போனாள். போகிற நாளிலெல்லாம் அந்த வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு புங்க மரத்தடியில்தான். தூறல் போட்டால் மாட்டுக் கொட்டகையில். ஊரில் சிரித்தார்களாம். ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு வலிக்கிறதென்று ஒரு குடும்பமே வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறதே என்று சிரித்தார்களாம். நைனா அதைச் சொல்லித் தானும் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். அவர் கையைத் தேய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் புங்க மரமே வேண்டாம் என்றிருக்கும்.

சித்திரை முடிகிற சமயம், எனக்குப் பெரிய லீவு. திருப்பத்தூர் சந்தைக்குப் போனவர் சேதி கொண்டுவந்தார். கவலை ஓட்டும்போது மாடு மிரண்டு பெரியப்பா சரிவில் விழுந்துவிட்டாராம், தொடை எலும்பு முறிந்துவிட்டதாம். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார், காய்ச்சல் விடவில்லை. அவருடைய ஒரே மகன் கோலார் சுரங்கத்தில் இருந்தான், இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குக் கையைத் தேய்க்கக்கூட மறந்து கிளம்பினார். நானும் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது, காற்றில் புழுதி. புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் காலை நீட்டியபடி பெரியப்பா படுத்திருந்தார். காலில் மூங்கில் கட்டு. பெரியம்மா தலைமாட்டில் நின்றுகொண்டு எங்களைக் கண்டதும் அழாத குறையாகச் சொன்னாள். "காலைலேர்ந்து ஒரே பிடி. இன்னிக்கி வெள்ளிக்கெழம, அவன் வருவான், கட்டிலைத் தூக்கி வெளிய போடுன்னு. பக்கத்து வீட்டு ஆளுங்களைக் கூப்ட்டுப் போட்டேன். அவங்க கொல்லைக்குப் போய்ட்டாங்க. இப்ப மழை வருது, நான் இன்னா பண்ணுவேன்?"

நைனா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் நெற்றியில் கை வைத்தார். தோல் தொட்ட கை, தேய்க்காத கை. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார், கையைத் தள்ளவில்லை. முதல் சொட்டு என் தோளில் விழுந்தது. கோடை மழை யோசித்து யோசித்துப் பெய்வதில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. நானும் பெரியம்மாவும் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கப் பார்த்தோம், அசையவில்லை. நைனா குனிந்து, கட்டு அசையாமல் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கு அடியிலும் கொடுத்து அண்ணனை அப்படியே தூக்கிவிட்டார். ஈரத் தோலை நாள் முழுக்கத் தூக்குகிறவருக்கு அந்த உடம்பு ஒரு கனமே இல்லை.

தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

மழை இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. நைனாவின் கால் அந்தக் கல்லுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்தது. நான் தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். ஏறு நைனா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"இன்னாடா நிக்கற? நனையறேன் இல்ல," என்றார் பெரியப்பா.

"நீதாண்ணா சொல்லணும்."

பெரியப்பா தம்பி தோளில் சாய்ந்தபடி அவர் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எத்தனை காலமோ. மூங்கில் பத்தை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏறுடா," என்றார் பெரியப்பா.

நைனா ஏறினார். வாசல் நிலை மிகத் தாழ்வு. இத்தனை தடவை வந்தும் வெளியிலேயே உட்கார்ந்திருந்ததால் நான் அதைக் கவனித்ததில்லை. குனி என்று யாரும் சொல்லாமலே நைனா சரியான இடத்தில் தலையைக் குனிந்து, உடம்பை ஒருக்களித்துத் திருப்பி, அண்ணன் காலும் இடிக்காமல் தன் தலையும் இடிக்காமல் அந்த இருட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே போன நான் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டேன்.